மூன்றாவது சீட்டு

ஜூன் 2, 1994

அருங்காட்சியகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. என்னுடைய பருந்து அந்துப்பூச்சிகள் அத்தனையையும் எடுத்துக்கொள்கிறார்களாம். டிசம்பர் ஒன்பதாம் தேதி வேன் வரும். அதற்குள் பெட்டியில் இருக்கும் எல்லாப் பூச்சிக்கும் இனம் தீர்மானித்துப் பெயர்ச்சீட்டுக் குத்தியிருக்க வேண்டுமாம். பெயர் தெரியாத பூச்சியும் தப்பான பெயருள்ள பூச்சியும் அவர்களுக்கு வெறும் குப்பை. எனக்கும் அப்படித்தான்.

ஹெப்சிபாவிடம் சொன்னேன். முப்பது வருட வாழ்க்கையில் ஓர் அறை முழுக்கப் பெட்டியாக அடைத்து வைத்திருக்கும் புருஷன் சொல்லும் செய்தி.

“அப்ப அந்த ரூம்ல தையல் மிஷினப் போட்டுக்கிடலாம்” என்றாள்.

அவளுக்கு இவை எல்லாமே விட்டில். விட்டில் விளக்கில் முட்டிக்கொண்டு விழும். பருந்து அந்து சிறகை ஒடுக்கி நேராகப் பறக்கும், பூவில் உட்காராமல் அந்தரத்திலேயே நின்று தேன் குடிக்கும். உலகத்தில் ஆயிரத்துக்கு மேல் இனங்கள் உண்டு. கல்யாணமான புதிதில் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, பெரிய விட்டில்” என்றாள். பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள். சுருங்கச் சொல்வதில் கெட்டிக்காரி.

ஜூன் 9

வியாழக்கிழமை. மசூது வந்தார். மேலப்பாளையத்திலிருந்து சைக்கிளிலேயே வருகிறார். அவரும் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்தான், வேறு கல்லூரி. இந்த ஜில்லாவில் இந்தப் பூச்சியைப் பற்றிச் சண்டை போட எனக்கு அவரை விட்டால் ஆள் இல்லை, அவருக்கும் என்னை விட்டால் இல்லை. அப்படித்தான் இருபது வருடமாகச் சிநேகிதம்.

சண்டை என்னவென்றால், நான் பிரிக்கிறவன், அவர் சேர்க்கிறவர். சிறகில் ஒரு கோடு நூலளவு தள்ளியிருந்தால் எனக்கு அது தனி இனம். அவருக்கு உலகத்திலுள்ள பருந்து அந்து எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஜாவாவிலிருந்து எனக்கு வந்த பூச்சியையும் மணிமுத்தாற்றில் பிடித்ததையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “ரெண்டும் ஒண்ணுதாம்வே, ஒண்ணு கப்பலேறிப் போயிருக்கு” என்பார்.

அருங்காட்சியகச் சேதியைச் சொன்னேன். “அங்க உள்ளவன் அடுத்த நாளே உம்ம பேரையெல்லாம் மாத்திருவான்” என்றார்.

மாற்றட்டும். ஆனால் கிழிக்க முடியாது. எங்கள் தொழிலில் அது ஒரு முறை. பூச்சியைக் குத்தியிருக்கும் ஊசியிலேயே முதல் சீட்டு: எங்கே, எப்போது, யார் பிடித்தது. அதற்குக் கீழே இரண்டாவது சீட்டு: இன்ன இனம், தீர்மானித்தவர் இன்னார், வருடம். பின்னால் வருகிறவன் அது தப்பு என்று கண்டால் பழைய சீட்டை எடுக்கக்கூடாது. தன் சீட்டை அதற்கு அடியில் குத்த வேண்டும். வெளிநாட்டில் ஒரு மியூசியத்தில் ஏழு சீட்டு உள்ள பூச்சியைப் பார்த்திருக்கிறேன். ஏழு பேரும் ஒரே ஊசியில் சண்டை போட்டுக்கொண்டே செத்துப்போயிருக்கிறார்கள்.

ஜூன் 21

இந்த நோட்டில் கோடுகள் வளைந்து அச்சாகியிருக்கின்றன. நடுவில் எல்லாம் நெளிகிறது. ஹெப்சியிடம் காட்டினேன். பக்கத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நேராத்தான இருக்கு” என்றாள். கடைக்காரனிடம் கேட்க வேண்டும். முன்னெல்லாம் இப்படி இல்லை.

ஆசாரி செய்த புதுப் பெட்டியும் கோணல்தான். யாருக்கும் வேலையில் அக்கறை இல்லை.

ஜூலை 7

இரண்டு பெட்டி முடித்தேன். பல்பு மங்கல். நூறு வாட்ஸ் வாங்கிவரச் சொன்னால் இதுவே நூறுதான் என்கிறாள்.

மசூது நான் லென்ஸ் வைத்துப் பார்ப்பதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் ஓய், கோழி மாதிரி தலையச் சாச்சுக்கிட்டு பாக்கீரு?”

“அப்பத்தான் சிறகுல ஒளி விழுது.”

“நேராப் பாரும்.”

“என் பூச்சி, என் கண்ணு. உமக்கென்ன?” என்றேன். காப்பியைக் குடித்தார். நேராகப் பார்த்தால் பூச்சி சரியாக நிற்பதில்லை. லென்ஸில் கீறல் இருக்க வேண்டும்.

ஜூலை 19

விரலில் ஊசி குத்திவிட்டது. மூன்று தடவை.

ஆகஸ்டு 4

எங்கள் கோயில் பாதிரியார், சபை ஐயர், என்மேல் கோபமாக இருக்கிறாராம். தெற்கு பஜாரில் எதிரே வந்து தோத்திரம் சொன்னாராம், நான் பேசாமல் போனேனாம். மனிதர் இளைத்துவிட்டார், அடையாளம் தெரியவில்லை. அதைச் சொன்னதற்கு ஹெப்சி கண்ணைத் துடைத்தாள். ஐயர் இளைத்ததற்கு இவள் ஏன் அழ வேண்டும்?

இப்போது பத்திரிகையை அவள்தான் வாசிக்கிறாள். எழுத்தை ரொம்பப் பொடியாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் தமிழாசிரியை வாசித்துக் கேட்பது சுகமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்டு 23

உட்கார முடியவில்லை. சந்தோஷத்தில்.

பகலில் பறக்கும் சின்னப் பருந்து அந்துகள் உண்டு. இட்லிப்பூச் செடியில் தேன்சிட்டு என்று பலரும் நினைத்து ஏமாறுவது அதைப் பார்த்துத்தான். பின்சிறகில் மஞ்சள் பட்டை இருக்கும். அந்தப் பட்டையின் அகலத்தை வைத்துத்தான் இனம் பிரிப்போம். மாஞ்சோலை மலையில் நானே முன்பு பிடித்து, பெயர் தீர்மானிக்காமல் வைத்திருந்த ஒன்றை இன்று எடுத்தேன். பின்சிறகில் பட்டையே இல்லை. லென்ஸை மாற்றிப் பார்த்தேன். வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். இல்லை. முழுக் கறுப்பு.

இந்த மலையில் இப்படி ஒன்றை யாரும் எழுதியதில்லை. புது இனம்.

உலகம் முழுக்க உள்ளவர்கள் பெயர் வைத்த பூச்சிகளுக்கு நான் சீட்டு எழுதியிருக்கிறேன். நானாக ஒன்றுக்குப் பெயர் வைத்ததில்லை. புது இனத்தின் முதல் பூச்சிக்குச் சிவப்புச் சீட்டு. இங்கிலீஷ் எழுத்தில் பெயர் எழுதிக் குத்திவிட்டேன். எந்தப் பெயர் என்பதை அது அச்சில் வரும்போது ஹெப்சி பார்க்கட்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பெயர் வைக்கிற வேலை எனக்கு இதுவரை வந்ததில்லை.

ஆகஸ்டு 25

மசூதிடம் காட்டினேன். லென்ஸை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். சிவப்புச் சீட்டையும் பார்த்தார்.

“நல்லாப் பாத்தீரா?” என்றார்.

“பாத்தேன். வெயில்ல வச்சும் பாத்தேன்.”

“சரி.”

அவ்வளவுதான். சேர்க்கிறவர் வாயிலிருந்து ‘சரி’. புது இனம் என்று யாராவது சொன்னால் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே சண்டைக்கு வருகிற மனிதர். ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இவ்வளவு லேசாக ஜெயிப்பேன் என்று நினைக்கவில்லை.

கட்டுரையை டைப் அடிக்கப் போகிறேன். டைப் அடிக்க எனக்கு எழுத்தைப் பார்க்க வேண்டியதில்லை, விரலுக்கே தெரியும்.

செப்டம்பர் 8

கட்டுரையை மசூதிடம் கொடுத்தேன், படித்துக் குற்றம் சொல்ல. அவர் குற்றம் சொல்லாமல் ஒன்றை அச்சுக்கு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

மதியம் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது அவர் இன்னும் போகவில்லை. ஹெப்சியிடம் சாளைமீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று பேசிக்கொண்டிருந்தார். அவர் கையில் அந்துருண்டை வாசனை அடித்தது. பூச்சி அரிக்காமலிருக்க என் பெட்டிகளில் போடுகிற உருண்டை. அவர் வீட்டுப் பெட்டிகளிலும் அதைத்தானே போடுவார்.

செப்டம்பர் 20

ஹெப்சியின் பிடிவாதத்துக்காகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்னப் பையன், நல்ல மாதிரி. மீனும் கீரையும் சாப்பிடச் சொன்னான். மற்றதை ஹெப்சி கேட்டுக்கொண்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பொது இடத்தில் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

பெட்டி முடிக்க வேண்டும். இன்னும் ஐந்து இருக்கிறது.

அக்டோபர் 13

மசூதின் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார். இன்று வேண்டுமென்றே அரளி அந்தையும் கொடி அந்தையும் ஒரே குடும்பத்துக்குள் தனித்தனிப் பிரிவாக வைக்கப் போகிறேன் என்றேன். பழைய மசூதாக இருந்தால் கூரை பறந்திருக்கும்.

“வையும்” என்றார்.

“கட்டுரை என்னாச்சு?”

“படிச்சிக்கிட்டிருக்கேன்.”

ஆறு பக்கக் கட்டுரை. ஒரு மாதமாகப் படிக்கிறார். பொறாமையோ என்னவோ.

அக்டோபர் 14

காப்பியை மேசையில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 2

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. மழை. எல்லாப் பெட்டியும் முடிந்தது என்று ஹெப்சியிடம் சொன்னேன். “நல்லது” என்று சொல்லி என் தலையில் கை வைத்தாள். நோட்டும் சீக்கிரம் தீருகிறது. தடிப் பேனா வாங்கியதிலிருந்து எழுத்து பெரிதாகிவிட்டது.

நவம்பர் 20

ஞாயிறு. கோயிலுக்குப் போகவில்லை.

வேனில் குலுங்கினால் பூச்சி ஊசியோடு சுழன்று பக்கத்திலிருப்பதன் சிறகை உடைத்துவிடும். அதனால் ஒவ்வொன்றின் உடம்புக்கு இரண்டு பக்கமும் வெறும் ஊசி ஒன்று குத்தி அண்டை கொடுப்பது வழக்கம். நேற்று அந்த வேலையைத் தொடங்கினேன். இதற்கு வெளிச்சம் தேவையில்லை. விரலால் ஊசியைத் தடவிக் கீழே போய், பக்கத்தில் குத்தினால் போதும்.

முதல் பெட்டி. ஊசியில் ஒரு சீட்டு, அதன் கீழ் ஒரு சீட்டு. இரண்டு. அடுத்ததிலும் இரண்டு. அடுத்ததில் விரல் மூன்றாவதாக ஒன்றில் இடறியது.

நான் மூன்றாவது சீட்டுக் குத்தியதில்லை.

வேறொன்றைத் தொட்டேன். மூன்று. ஹெப்சியைக் கூப்பிட்டேன். “இதுல மூணாவதா என்ன எழுதியிருக்கு?”

“காப்பி ஆறுது, வாறியளா?”

“வாசி, ஹெப்சி.”

வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற குரலில் தொடங்கியது, பாதியில் உடைந்துவிட்டது. என் சீட்டில் ஓர் இனம். அதற்கு அடியில் வேறோர் இனம். தீர்மானித்தவர் மசூது, 1994.

“நாந்தான் அவியளக் கூப்பிட்டேன்” என்றாள். “நீங்க தூங்கையில பொட்டிய எடுத்துப் பாப்பாவ. உங்க பொட்டியெல்லாம் தப்பாப் போயி, அங்க உள்ளவங்க உங்களச் சிரிச்சிரக் கூடாதுல்லா.”

அடுத்த ஊசியைத் தடவினேன்.

நவம்பர் 21

இரவும் இன்று பகலும் எல்லாப் பெட்டியையும் தடவிப் பார்த்துவிட்டேன். இரண்டு சீட்டு என்றால் நான் சரி. மூன்று என்றால் மசூது சரி. ஜூன் மாதப் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு. ஒவ்வொரு இரண்டுக்கும் எனக்குப் பரீட்சை பாஸான பையன் போல் இருந்தது. ஜூலையில் மூன்று கூடுகிறது. செப்டம்பரில் இரண்டைத் தேட வேண்டியிருக்கிறது. கடைசிப் பெட்டியில் எல்லாமே மூன்று. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அழுதேன். எழுதி வைக்கிறேன்.

சில மூன்றாவது சீட்டுகளை ஹெப்சியை வாசிக்கச் சொன்னேன். அதில்தான் இன்னொன்று புரிந்தது. மசூது எழுதியிருக்கும் பெயர்கள் மசூதின் பெயர்களே இல்லை. இருபது வருடமாக ‘அப்படி ஒரு இனமே கிடையாது’ என்று மேசையைத் தட்டிய பெயர்கள், நான் பிரித்து வைத்த பெயர்கள். எனக்குக் கண் நன்றாக இருந்திருந்தால் எந்தச் சீட்டை எழுதியிருப்பேனோ அதை எழுதியிருக்கிறார்.

இதற்கு அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஆனால் ஒன்று. மாஞ்சோலைப் பூச்சியைத் தொட்டுப் பார்த்தேன். முதல் சீட்டு, கீழே சிவப்புச் சீட்டு, அதற்குக் கீழே வெறும் ஊசி. நாலு தடவை தடவினேன். மூன்றாவது இல்லை. அப்படியென்றால் அது புதுசுதான். மற்றதெல்லாம் போகட்டும், அது ஒன்று நிற்கிறது.

நவம்பர் 24

மசூது வந்தார். காப்பி வரும்வரை பொறுக்கவில்லை நான்.

“உம்ம சீட்டையெல்லாம் தடவிப் பாத்துட்டேன்வே.”

நாற்காலி கிரீச்சிட்டது. அவர் முகம் எனக்கு ஒரு புகை. ஓரத்தில் காது மட்டும் தெரிந்தது.

“டீச்சரத் திட்டாதீரும்” என்றார். “நான்தான் செய்தேன்.”

“நீரு எழுதுன பேரு உம்ம பேரு இல்லையே.”

“உம்ம பொட்டி ஓய். உம்ம கணக்குலதான் பாக்கணும். எங் கணக்குல பாத்தா பாதிப் பொட்டி காலியாயிரும்.”

சிரிக்க வேண்டிய இடம். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மாஞ்சோலைப் பூச்சியை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். “இதுல ஏன் ஒண்ணும் குத்தல? அப்ப இது புதுசுதான?”

அவர் அதை வாங்கவில்லை.

“சொல்லும்.”

“மஞ்சப் பட்டை இருக்குவே, தானியேல். பளிச்சுன்னு இருக்கு.”

வெயிலில் வைத்துப் பார்த்தேனே என்று சொல்ல வாயெடுத்தேன். வெயிலிலும் கண் என்னுடையதுதானே.

“பின்ன ஏன் குத்தல?”

“செவப்புச் சீட்டுல டீச்சர் பேரு இருக்குல்லா. எங்கையால எப்பிடிவே குத்த?”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஹெப்சி வந்து கதவருகே நிற்பது சேலைச் சத்தத்தில் தெரிந்தது.

“எனக்கு ஆகஸ்டுலயே தெரியும்” என்றாள். “பொட்டியத் தொடைக்கையில வாசிச்சேன். அஞ்சாறு தடவ வாசிச்சேன்.”

மசூது தொண்டையைச் செருமினார். “இத மட்டும் வேன்ல ஏத்தாம வீட்லயே வச்சிக்கிடும். ஒரு பூச்சி கொறஞ்சா அவன் எண்ணவா போறான்? உம்ம கட்டுரையும் எங்கிட்டதான் இருக்கு. தெரிஞ்சது நாம மூணு பேரு.”

அந்த ஒரு நிமிடம் எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு சின்னப் பெட்டி, ஒரு பூச்சி, அவள் பெயர். யாருக்கு நஷ்டம்? ஆனால் தப்பான பெயருள்ள பூச்சி குப்பை என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். குப்பைமேல் அவள் பெயரை வைத்து வீட்டில் பூட்டி வைக்கவா?

“எழுதும்” என்றேன். “என் சீட்ட எடுக்கப்படாது. அதுக்கு அடியில உம்ம சீட்டு.”

பேனா மூடியைத் திறந்தார். “உம்ம பேரப் போடவா, எம் பேரப் போடவா?” நான் பிரித்த இனத்தின் பெயரா, அவர் சேர்த்த இனத்தின் பெயரா என்று கேட்கிறார்.

“உம்ம பேரப் போடும்.”

“நெசமாவா?”

“அது தப்புத்தான். இருந்தாலும் போடும்.”

எழுதிக் கத்தரித்துக் கையில் கொடுத்தார். நானே தடவி, ஊசி நுனியில் பொருத்தி, மேலே தள்ளினேன். சிவப்புச் சீட்டில் போய் முட்டி நின்றது. அவர் மூக்கைச் சிந்தினார். இருபது வருடத்தில் என்னை ஒரு தடவை ஜெயித்த நாளில் மனிதர் அழுகிறார்.

ஹெப்சி மூன்று பேருக்கும் காப்பி கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்து டம்ளரில் வைத்தாள்.

டிசம்பர் 9

இதை எழுதுவது ஹெப்சிபா.

காலையில் வேன் வந்தது. பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோகும்போது வாசலில் நின்று ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்து எடுத்தார். மசூது சார் வேன் பின்னாலேயே சைக்கிளில் திருப்பம்வரை போய்விட்டு வந்தார். அந்த அறை காலியாகக் கிடக்கிறது. தையல் மிஷினை அங்கே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

மதியம், “நோட்ட எடு, நான் சொல்லுதேன், எழுது” என்றார். சொன்னது இது: ‘இன்று பெட்டிகள் போயின. எனக்குக் கண் தெரியவில்லை.’ எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “சரிதான்” என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

இந்தக் குறிப்புகளை நான் இதுவரை படித்ததில்லை. இன்று படித்தேன். ஜூன் மாதத்திலிருந்து தேடினேன், மூன்றாவது சீட்டில் விரல் இடறும்வரை தன் கண்ணுக்கு ஒரு குறை என்று அவராக எழுதிய இடம் எங்கும் இல்லை. செப்டம்பருக்குப் பிறகு வரிமேல் வரி ஏறிக் கிடக்கிறது. நவம்பர்ப் பக்கங்களில் ஒரே இடத்தில் மூன்று வரி எழுதியிருக்கிறார். அவருக்கு அது தெரியாது, நான் சொல்லப்போவதும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் கையெழுத்தோடு மாரடித்த பழக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்து, புது நோட்டில் சுத்தமாக எழுதிவிட்டேன். நீங்கள் படித்தது அந்தப் பிரதிதான்.

ஒரு சொல்லையும் எடுக்கவில்லை, மாற்றவில்லை. பழைய நோட்டில் கோடுகள் நேராக இருக்கின்றன. ஆசாரி செய்த பெட்டி கோணல் இல்லை. பல்பு நூறு வாட்ஸ்தான். லென்ஸில் கீறல் கிடையாது. ஐயர் இளைக்கவில்லை. டாக்டர் சொன்னது, நடுப்பார்வை திரும்பாது, ஓரம் கொஞ்சம் மிஞ்சும் என்பது. ஆட்டோவில் நான் கையைப் பிடித்துக்கொண்டது உண்மை.

அவர் எழுதியது அப்படியே இருக்கட்டும். அதற்கு அடியில் என்னுடையதைக் குத்தியிருக்கிறேன்.

தீர்மானித்தவர்: ஹெப்சிபா தானியேல், பாளையங்கோட்டை, 1994.